முன்னுக்கு ஓடிய நாய்: கிரேட் வெஸ்டர்ன் மலையேற்றம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

புருனோ ஐந்து வயதுடைய ஆண் லாப்ரடோர். பிறந்ததும் வளர்ந்ததும் கொழும்பில்தான். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வாழ்கிறது. மாலையில் கடற்கரைப் பக்கம் அரை மணித்தியாலம் நடக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் ஓடும். சம்பவம் நடந்த அன்று அதன் எடை 34 கிலோ. அந்த உடம்புவாகுக்கு 28 கிலோ போதும். வேறு நோய் எதுவும் இல்லை. விசர்நாய்த் தடுப்பூசியும், எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியும் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன.

வளர்ப்பவர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் வேலை பார்ப்பவர். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது நாயையும் வானில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பொங்கல் முடிந்த கையோடு கிரேட் வெஸ்டர்ன் மலை உச்சிக்குப் போவது என்று முடிவானது. அவர், அவருடைய தங்கை, கொழும்பு நண்பர்கள் இருவர், வழிகாட்டத் தாய்மாமா. மாமா அந்தத் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தக் காட்டோரத்தைச் சிறு வயது முதல் அறிந்தவர். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நாய் ஜிம்மியும் யாரும் கூப்பிடாமலே கூடக் கிளம்பிவிட்டது.

நான் மலையகத்தில் கால்நடை வைத்தியம் செய்பவன். மலையேறிக் களைத்து விழுந்த நாய்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் முடிவு மட்டுமே தெரியும். எப்போது நாக்கு வெளியே வந்தது, எப்போது படுத்தது, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "திடீர்னு இப்படி ஆயிருச்சு டொக்டர்" என்பார்கள். இந்தக் குடும்பம் அப்படிச் சொல்லவில்லை. ஐந்து பேரும் தனித்தனியாக உட்கார்ந்து, நேரத்தோடு எல்லாவற்றையும் சொன்னார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படங்களிலும் நேரம் இருந்தது. மற்றவர்களுக்குப் பயன்படும் என்றால் எழுதுங்கள் என்று அவர்களே சொன்னதால் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

மலை

தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில், மலையகப் புகையிரதப் பாதைக்கு மேலே சுவர் போல நிற்கிறது கிரேட் வெஸ்டர்ன். உச்சி 2,200 மீட்டருக்கு மேல். அதே பெயரில் சின்னப் புகையிரத நிலையமும் இருக்கிறது. அங்கிருந்து லயங்களையும் தேயிலை மலையையும் தாண்டி, காட்டோரம் வந்து, பிறகு காட்டுக்குள் ஏற வேண்டும். தேயிலைக்குள் இருக்கும் பாதை திறந்த வெயில். காட்டுக்குள் நுழைந்ததும் பாதை என்பது வேர்களும் சேறும்தான். மனிதர்களே இரண்டு கையாலும் வேரைப் பிடித்துத் தூக்கிக்கொள்ள வேண்டிய இடங்கள் உண்டு. மேலே போகப் போகப் பாறை. தெளிவான நாளில் உச்சியிலிருந்து சிவனொளிபாதமலையும் பீதுருதாலகாலையும் தெரியும். அதற்காகத்தான் எல்லோரும் போகிறார்கள். தை, மாசியில் காலை வானம் சுத்தமாக இருக்கும். மதியத்துக்குப் பிறகு பனி மூடினால் எதிரில் நிற்பவரே தெரியாமல் போகலாம்.

குளிர்ப் பிரதேசம் என்பதால் நாய்க்குச் சூடு ஏறாது என்று பலர் நினைக்கிறார்கள். கொழும்பிலிருந்து வருபவர்கள் இன்னும் உறுதியாக நினைக்கிறார்கள். கொழும்பு வெக்கையிலேயே இருந்த நாய்க்கு இங்கே என்ன ஆகப் போகிறது என்ற கணக்கு. ஆனால் ஏறுகிற நாயின் சூடு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, அதன் தசைகளிலிருந்து வருகிறது. நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். தடித்த இரட்டை ரோமமும் ஆறு கிலோ கூடுதல் கொழுப்பும் உள்ள நாய் செங்குத்தில் ஏறும்போது, உள்ளே உண்டாகும் சூடு வெளியே போகும் சூட்டைத் தாண்டிவிடும். நுவரெலியாக் குளிரிலும் இது நடக்கும்.

ஏறியது

விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. உறவினர் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, நடக்கத் தொடங்கியபோது மணி 9.10. எட்டரை மணிக்குப் புருனோவுக்கு இரண்டு ரொட்டியும் முந்தின நாள் கோழிக்கறியும் வயிறு நிறையக் கிடைத்திருந்தன. அகன்ற நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு நிறையச் சாப்பிட்டவுடன் ஓட்டம் கூடாது. இரைப்பை காற்றால் உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது சில மணித்தியாலங்களில் உயிரை எடுக்கும். புருனோவுக்கு அது வரவில்லை. ஆனால் நிறைந்த வயிற்றோடு ஏறியது மூச்சுக்கும் நடைக்கும் பாரமாக இருந்தது.

நாய்க்கென்று கொண்டுபோனது ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று. சும்மா வீட்டில் படுத்திருக்கும் நாய்க்கே ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை ஒரு நாளைக்குத் தேவை. 34 கிலோ நாய்க்கு அது 1.7 முதல் இரண்டு லீற்றர் வரை.

தேயிலை மலைக்குள் வாரைக் கழற்றிவிட்டார்கள். ஜிம்மி 13 கிலோவுக்கு மேல் இராத, விலா எலும்பு தெரிகிற, தோட்டத்திலேயே அலைகிற நாய். அது தேயிலைக்குள் வெட்டிய வடிகான்களைத் தாண்டித் தாண்டி மேலேயும் கீழேயும் ஓடியது. புருனோ அதன் பின்னாலேயே ஓடியது. மனிதர்கள் ஒரு தடவை நடந்த தூரத்தை அந்த நாய் மூன்று தடவையாவது நடந்திருக்கும் என்று மாமா சொன்னார். 9.50க்கு எடுத்த படத்தில் புருனோ எல்லோருக்கும் முன்னால் நிற்கிறது. வாய் திறந்து, காதுகள் பின்னுக்குப் போய், சிரிப்பது போல ஒரு முகம். நண்பர்களுக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது. நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாக்கின் நுனி அகன்று தட்டையாகி, பக்கவாட்டில் தொங்குகிறது. கடைவாய் பின்னுக்கு இழுபட்டிருக்கிறது. வாயோரத்தில் கெட்டியான எச்சில். நாற்பது நிமிடத்திலேயே அது தன்னால் இயன்ற அளவு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

10.40க்குக் காட்டோரம் வந்தார்கள். அங்கே புருனோ செய்ததை ஐந்து பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். வந்த வேகத்தில் பாதையை விட்டு இறங்கி, ஈரமான கானுக்குள் வயிறு மண்ணில் படும்படி நான்கு காலையும் விரித்துப் படுத்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வால் ஆடியது, தலை எழும்பவில்லை. தண்ணீர் முழுவதையும் அங்கேயே குடித்துத் தீர்த்தது.

மாமா சொன்னார்: "இது கொழும்புல வளந்த நாய்ப்பா, இதுக்கு ஏலாது. இன்னைக்கு இவ்வளவு போதும், எறங்குவோம். நாளைக்கு வெள்ளனக் கெளம்பி நாய் இல்லாமப் போவோம்."

மருமகன் சொன்னது: "இல்ல மாமா, கொஞ்சம் இருங்க. ஆறட்டும். உள்ள போனா நெழல்தானே."

பத்து நிமிடம் இருந்தார்கள். ஜிம்மி எழுந்து காட்டுக்குள் நுழைந்தது. புருனோ எழுந்து அதன் பின்னால் போனது. "பாருங்க மாமா, அதுக்கே ஆசை" என்றார் மருமகன். மாமா அதற்கு மேல் பேசவில்லை.

எது நடந்த இடம்

குடும்பம் என்னிடம் முதலில் சொன்னது, மேலே பாறைக்குக் கீழே நாய் விழுந்த இடத்தைப் பற்றி. அங்கேதான் விபத்து என்று அவர்கள் நினைத்தார்கள். என் கணிப்பில் இந்த நிகழ்வு காட்டோரத்திலேயே, 10.40க்கும் 10.50க்கும் இடையில் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தவை அந்தப் பத்து நிமிடத்தின் விளைவுகள்.

நாய் தானாகத் திரும்பாது. இதை நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று மனமாரச் சொல்கிறேன். களைத்த மாடு நின்றுவிடும், கழுதை நகராது. நாய் தன் ஆட்கள் போகும் பக்கம் போகும். கூட இன்னொரு நாயும் இருந்தால் இன்னும் போகும். காலில் வெட்டு இருந்தாலும், சூடு உச்சத்தில் இருந்தாலும், கூப்பிட்டால் எழும்பும். அந்த எழும்புதலை "முடியும்" என்பதற்கு அடையாளமாக எடுத்தால் ஏமாந்து போவோம். பார்க்க வேண்டியது நாய் எழும்புகிறதா என்பதை அல்ல, நிழலில் இருந்த பத்து நிமிடத்தில் மூச்சு இறங்கியதா என்பதை. நன்றாக இருக்கும் நாய்க்கு நிழலில் ஓய்வும் தண்ணீரும் கிடைத்தால், சில நிமிடங்களில் நாக்கு சுருங்கி, வாய் அவ்வப்போது மூடும். புருனோவின் வாய் ஒரு தடவையும் மூடவில்லை என்று தங்கை தெளிவாக நினைவு வைத்திருந்தார். பல் முரசைப் (ஈறைப்) பார்த்திருந்தால் செங்கல் நிறமாக இருந்திருக்கும். விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும்.

"உள்ளே போனால் நிழல்" என்ற கணக்கும் அரைகுறைதான். வெயில் இல்லை, சரி. ஆனால் அந்தக் காட்டுக்குள் காற்று அசையாது, ஈரம் மிகுதி, ஏற்றம் இரண்டு மடங்கு. தசைகள் உண்டாக்கும் சூடு கூடியதே தவிரக் குறையவில்லை.

காட்டுக்குள்

11 மணி முதல் 12.45 வரை ஏறினார்கள். வேர்ப்படிகளில் புருனோவால் தாவ முடியவில்லை. கழுத்துப் பட்டி மட்டும் இருந்தது, நெஞ்சுக் கவசம் இல்லை. முதல் இரண்டு மூன்று இடங்களில் பட்டியைப் பிடித்து மேலே இழுத்தார்கள். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் நாயின் குரல்வளையில் அதன் முழு எடையும் தொங்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தங்கைதான் அதை நிறுத்தினார். தன் சால்வையை நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினார். அன்று அந்த நாய்க்குச் செய்யப்பட்டவற்றில் மிகச் சரியான காரியங்களில் அது ஒன்று.

அட்டைகளைப் பற்றிச் சுருக்கமாக. மனிதர்கள் காலில் சோப்புத் தேய்த்திருந்தார்கள். நாய்க்கு ஒன்றும் இல்லை. இரவில் விரல் இடுக்குகளிலும் காது மடலிலும் நிறைய எடுத்தோம். அட்டையால் நாய்க்குப் பெரும்பாலும் பெரிய கெடுதி இல்லை, மூக்குக்குள்ளோ கண்ணிமைக்குள்ளோ போனால் தவிர. மலையேறி வந்து பல நாள் கழித்தும் ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் இரத்தம் கசிந்து தும்மிக்கொண்டிருந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். உப்பைக் கரைத்து மூக்கில் ஊற்றாமல் வைத்தியரிடம் கொண்டுவாருங்கள்.

12.45க்கு, உச்சிக்குக் கீழே பாறை தொடங்கும் இடத்தில் புருனோவின் பின்னங்கால்கள் நடுங்கின. இரண்டடி வைத்துக் குடிகாரன் போலச் சரிந்து படுத்தது. சாப்பிட்டது அப்படியே வாந்தியாக வந்தது. இந்த நேரத்தில் நண்பர்கள் இருவரும், இவ்வளவு வந்தாயிற்று என்று, உச்சியைப் பார்த்துவிட்டு வருவதாக மேலே போனார்கள். ஜிம்மியும் போனது. அவர்கள் திரும்பி வர ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. அதற்குள் பனி இறங்கிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, மலைக்கு வருபவர்கள் உச்சிக்கு ஆசைப்படுவது இயல்பு. ஆனால் தூக்க வேண்டிய சுமை 34 கிலோ இருக்கும்போது நான்கு வலுவான கைகள் மேலே போய்விட்டன.

தங்கைக்கு என்னைத் தெரியும். சிக்னல் வந்து வந்து போன இடத்திலிருந்து அழைத்தார்.

"டொக்டர், நாய் விழுந்து கெடக்கு. உடம்பு நெருப்பா இருக்கு. பையில பனடோல் இருக்கு, பாதி கொடுக்கட்டுமா?"

"வேணாம் தங்கச்சி. வாயில ஒண்ணும் போடாதீங்க. தண்ணி இருக்கா?"

மனிதர்களின் போத்தல்களில் இரண்டு லீற்றர் அளவு மிச்சம் இருந்தது. பாதியை வயிறு, தொடையிடுக்கு, பாதம், காது என்று ஊற்றி, தொப்பியால் விசிறச் சொன்னேன். ஈரத் துணியால் போர்த்த வேண்டாம், அது சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். ஊற்ற வேண்டும், விசிற வேண்டும். மிச்சத்தைக் கையில் ஏந்திக் கொஞ்சம் கொஞ்சமாக, அது தானாக நக்கினால் மட்டும் கொடுக்க வேண்டும். கழுத்துப் பட்டியைக் கழற்றச் சொன்னேன். முதலில் ஆற்றுங்கள், பிறகு இறக்குங்கள் என்றேன்.

பனடோல் பற்றி இங்கே ஒரு சொல். நம் வீடுகளில் அது எல்லாவற்றுக்கும் மருந்து. நாய்க்கு அது கல்லீரலைக் கெடுக்கக்கூடியது, சூட்டால் விழுந்த நாய்க்குக் காய்ச்சல் மருந்தால் எந்தப் பயனும் இல்லை. இது நோயால் வந்த காய்ச்சல் அல்ல. இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இன்னும் மோசம். தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தையே அடிக்கும். தங்கை கேட்டுவிட்டுக் கொடுக்க நினைத்தாரே, அந்தக் கேள்வியும் அந்த நாயைக் காப்பாற்றியவற்றில் ஒன்று என்று நம்புகிறேன்.

இறக்கியது

ஒன்றரை மணிக்குள் மூச்சு கொஞ்சம் இறங்கியது. 2.15க்கு நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இறக்கத்தில் நாயின் எடை முழுவதும் முன்னங்கால்களில் விழும். ஐம்பது அடி போவதற்குள் வழுக்கி, வலது முன்னங்காலின் உள்பக்க நகம் பிய்ந்து, பாதத்தின் மெத்தையிலும் ஆழமான வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அது நடக்கவில்லை.

மாமா ஒரு முடிவெடுத்தார். ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு தனியாக வேகமாக லயத்துக்கு இறங்கினார். அங்கிருந்து நான்கு இளைஞர்களை, மூன்று உரச்சாக்கு, சவுக்குக் கம்பு இரண்டு, டோர்ச் லைட்டுகளோடு அதே பாதையில் மேலே அனுப்பினார். சாக்குகளின் அடிமூலைகளை வெட்டி, கம்புகளை உள்ளே கோத்து, தூளி போல ஆக்கினார்கள். நாயை அதில் படுக்கவைத்துச் சால்வையால் கட்டினார்கள். ஆள் மாறி மாறித் தூக்கியும் காட்டோரம் வர ஐந்தே முக்கால். தேயிலைப் பாதையில் இருட்டு. தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கு அடிபட்டால் எப்படி இறக்குவார்களோ அப்படியே அந்த நாயையும் இறக்கினார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை என்று வளர்ப்பவர் என்னிடம் சொன்னபோது அவருக்குக் குரல் கம்மியது.

காட்டு விளிம்பில் டோர்ச் வெளிச்சத்தில் இளைஞர் ஒருவர் பாதைக்குப் பக்கத்தில், இளமரம் ஒன்றில் கட்டிய கம்பிச் சுருக்கைக் கண்டார். காட்டுப்பன்றிக்கு வைத்தது. காலையில் புருனோவும் ஜிம்மியும் வாரில்லாமல் ஓடியது அந்த இடத்தைச் சுற்றித்தான்.

இதைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தேயிலையும் காடும் சந்திக்கும் விளிம்புதான் மலையகத்தில் சுருக்குகள் வைக்கப்படும் இடம். காய்கறித் தோட்டத்தைப் பன்றி அழிக்கிறது என்று சிலர், இறைச்சிக்காகச் சிலர். சட்டப்படி குற்றம், ஆனாலும் வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இப்படிச் சிக்கி, சிகிச்சைக்குக் கொண்டுபோயும் இறந்தது. அதே கம்பியில் நாயின் கழுத்து மாட்டினால், பயந்து இழுக்க இழுக்க இறுகும். சத்தம்கூட வராது. வெறுங்கையால் கம்பியைத் தளர்த்த முடியாது. காட்டோரமாக நாயைக் கூட்டிப் போகிறவர் பையில் கம்பி வெட்டும் குறடு ஒன்று இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சிறுத்தை இன்னொரு பக்கம். நம் தேயிலை மலைகளில் சிறுத்தை இருக்கிறது, லயத்து நாய்களைப் பிடிக்கிறது, இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பற்றைக்குள் தனியாக ஓடும் நாய் அதற்கு இரை. வாரில் ஆளோடு நடக்கும் நாய்க்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. நாயும் சும்மா இருப்பதில்லை. மரையைத் துரத்தும், குட்டிகளைக் கலைக்கும், தடுப்பூசி போடாத நாய் என்றால் நோயைக் காட்டு விலங்குகளுக்குக் கொடுத்துவிட்டு வரும். ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது என்பதற்கு நியாயம் உண்டு. தொட்டுபொல மலையும் கிரிகல்பொத்தையும் அதற்குள்தான் இருக்கின்றன. மற்ற வனங்களுக்குள் போவதற்கு முன்பும் வனத் திணைக்களத்திடம் கேட்டுவிட்டே போக வேண்டும்.

இரவும் அடுத்த நாட்களும்

7.20க்கு லயத்து வாசலில் புருனோவைப் பார்த்தேன். உடல் வெப்பம் 39.4 பாகை செல்சியஸ். நாயின் இயல்பு ஏறத்தாழ 38.3 முதல் 39.2 வரை. மலையில் எவ்வளவு ஏறியிருந்தது என்று அளக்க யாரிடமும் கருவி இல்லை. 41ஐத் தாண்டியிருக்கும் என்பது என் ஊகம். முரசு மங்கிய சிவப்பு, வாய் உலர்ந்திருந்தது, நாடி வேகம். தொடைத் தசையைத் தொட்டதும் முனகியது. சேலைன் ஏற்றத் தொடங்கினோம். ஒன்பது மணியளவில் சிறுநீர் கழித்தது. பால் விடாத கோப்பியின் நிறம்.

அந்த நிறத்தைக் கண்டதும் நம் நாட்டில் எந்தக் கால்நடை வைத்தியருக்கும் முதலில் வரும் எண்ணம் உண்ணிக் காய்ச்சல். பபேசியா என்ற ஒட்டுண்ணி இரத்தச் செவ்வணுக்களை உடைத்து, சிறுநீரைக் கறுக்கச் செய்யும். கொழும்பு நாய்களுக்கும் தோட்டத்து நாய்களுக்கும் அது சர்வசாதாரணம். புருனோவின் கழுத்தில் உண்ணியும் இருந்தது. அதனால் காது நுனியிலிருந்து இரத்தத் துளி எடுத்து நுண்நோக்கியில் பார்த்தேன், ஒட்டுண்ணி தென்படவில்லை. முரசும் வெளிறியிருக்கவில்லை. குழாயில் எடுத்த இரத்தத்தை நிறுத்தி வைத்தபோது மேலே தெளிந்த நீர் நிறமில்லாமல் இருந்தது. செவ்வணு உடைந்திருந்தால் அந்த நீரே சிவந்திருக்கும். மேல்நீர் தெளிவாகவும் சிறுநீர் கறுப்பாகவும் இருந்தால் நிறம் வந்தது தசையிலிருந்து. அளவுக்கு மீறிய உழைப்பாலும் சூட்டாலும் தசை நார்கள் சிதைந்து, அவற்றின் நிறப்பொருள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருந்தது.

இதற்கு மருந்து தண்ணீர்தான், நரம்பு வழியாக, நேரத்துக்கு அளந்து. மறுநாள் அதிகாலை பேராதனைக்கு, பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலைக்கு அனுப்பினேன். தசை சிதைவைக் காட்டும் நொதி இரத்தத்தில் பல மடங்கு ஏறியிருந்தது. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் இரத்த அளவு முதல் நாள் சற்றுக் கூடி, மூன்றாம் நாள் இயல்புக்கு வந்தது. சூட்டால் விழுந்த நாய்க்கு இரண்டு மூன்று நாள் கழித்தும் இரத்தம் உறையாமல் போகும் அபாயம் உண்டு. எழுந்து சாப்பிடுகிறதே என்று வீட்டுக்குக் கூட்டிப் போய், மறுநாள் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் தட்டணுக்களையும் எண்ணிப் பார்த்தார்கள், குறையவில்லை. பிய்ந்த நகத்தை மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். நான்காம் நாள் கொழும்புக்குப் போனது.

ஜிம்மிக்கு அட்டைக் கடி மட்டும்.

ஜிம்மியை வைத்து எடுத்த கணக்கு

"எங்க தோட்டத்து நாய் எல்லாம் போகுதே" என்பது மலையகத்தில் நான் அடிக்கடி கேட்கும் வாதம். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறும்போது, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் யாத்திரிகர்களோடு நாய்களும் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்கள் இதை இன்னும் அழுத்திச் சொல்வார்கள். அந்த நாய்கள் அங்கேயே பிறந்தவை. ஒல்லியானவை, ரோமம் குட்டை, பாதம் கல்லாகிப் போயிருக்கும். பெரும்பாலும் இரவில், குளிரில் ஏறுகின்றன. எல்லாவற்றையும்விட, அவற்றின் கழுத்தில் வார் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட ஆளும் இல்லை. களைத்தால் கடையோரத்தில் படுத்துவிட்டு நாளைக்கு இறங்கும். அன்பினால் கட்டுண்ட வீட்டு நாய்க்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நாம் போனால் அது வந்தே ஆகும். அதனால் அதன் சார்பில் நிற்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அந்த முடிவை மலையில் எடுக்க முயன்றால் தோற்றுப் போவோம். மேலே போக ஆசை இருக்கும், நண்பர்கள் இருப்பார்கள், நாயும் வால் ஆட்டும். முதல் நாள் இரவே எழுதிவைக்க வேண்டும்: இத்தனை மணிக்குள் காட்டோரம் வராவிட்டால் திரும்புவோம், நிழலில் பத்து நிமிடம் இருந்தும் வாய் மூடாவிட்டால் திரும்புவோம், தண்ணீரில் பாதி தீர்ந்தால் திரும்புவோம். திரும்புவோம் என்று சொன்னால் எல்லோரும் கேட்க வேண்டிய ஒருவரையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குழுவில் அந்த ஆள் இருந்தார். காட்டை அறிந்தவர், வயதில் மூத்தவர், நேரத்தோடு சரியாகச் சொன்னவர். அவர் சொல்லுக்கு அன்று அதிகாரம் இருக்கவில்லை.

என் அளவுகோலில் முதலாவது சுமை. கூடப் போகிறவர்கள் அந்த நாயை மாற்றி மாற்றித் தூக்கி இறக்க முடியுமா? முடியாதென்றால் செங்குத்தான காட்டு மலை அந்த நாய்க்கு இல்லை. தேயிலைப் பாதைகள் இருக்கின்றன. தம்பேதென்னயிலிருந்து லிப்டன் சீட்டுக்குப் போகும் தோட்டத்துப் பாதை இருக்கிறது. ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதையில், தோட்டங்களுக்குள் போகும் பகுதிகள் இருக்கின்றன. அங்கெல்லாம் நாய் விழுந்தால் அரை மணித்தியாலத்தில் ஒரு முச்சக்கரவண்டியாவது வந்து சேரும். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் வேண்டாம். ஒன்றரை வயதாகாத பெரிய இன நாய்களின் எலும்பு இன்னும் முற்றியிருக்காது, அவற்றையும் விட்டுவிடுங்கள். மற்ற நாய்களைப் பல வாரங்கள் சிறிய ஏற்றங்களில் பழக்க வேண்டும். மாடியில் வாழும் நாய் ஒரே நாளில் மலைநாயாகாது.

சித்திரையில் அவர்கள் மறுபடி வந்தார்கள். புருனோ 30 கிலோவுக்கு இறங்கியிருந்தது. சிறுநீரகப் பரிசோதனை சுத்தம். பாத மெத்தையில் தழும்பு மட்டும். அடுத்த தையில் உச்சிக்குக் கூட்டிப் போகலாமா என்று வளர்ப்பவர் கேட்டார். ஒரு தடவை சூட்டால் விழுந்த நாய் மறுபடி விழுவது எளிது என்பதால் உச்சி வேண்டாம் என்றேன். எடை 28க்கு வந்தால், நெஞ்சுக் கவசமும் வாரும் போட்டு, விடிவதற்கு முன் கிளம்பி, காட்டோரம் வரை போய் எட்டு மணிக்குள் திரும்பலாம் என்றேன். மாமா பக்கத்தில் நின்றார். "சரி டொக்டர், எட்டு மணின்னா எட்டு மணிதான், நான் பாத்துக்கிறேன்" என்றார்.